நூலில்லாத ஹோஸ்

"தாங்குமுங்க" என்று நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நினைத்தால், இன்றைக்கும் என் மேலேயே ஆத்திரம் பொங்குகிறது.

காந்திபுரத்தில் ரப்பர் ஹோஸ் கடை வைத்திருக்கிறேன். மதுக்கரையில் பஞ்சர் கடை நடத்தும் ஓர் அம்மா, கம்ப்ரஸருக்கு ஹோஸ் கேட்டு வந்தார். காற்றின் அழுத்தத்தில் ரப்பர் உப்பிவிடாமல் இறுக்கிப் பிடிப்பது, அதற்குள் பின்னியிருக்கும் நூல்தான். அந்த ரகம் அன்று தீர்ந்திருந்தது. பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாரே என்று, நூலில்லாத தண்ணீர் ஹோஸை வெட்டினேன்.

"ஏனுங்க, இது காத்துக்குத் தாங்குமுங்களா?"

"கெட்டியா இருக்குது பாருங்க. தாங்குமுங்க."

நாலாம் நாள், இடது கண்ணில் கட்டோடு வந்து, வெடித்த ஹோஸை என் மேஜைமேல் வைத்தார்.

"பலூனாட்டம் உப்பி வெடிச்சுப்போச்சுங்க. முனை கண்ணுல அடிச்சுப்போட்டுது. பார்வை வருமான்னு டாக்டருக்கே தெரியலைங்க. நூலு இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே?"

காறித் துப்பியிருந்தால்கூடத் துடைத்துக்கொண்டிருப்பேன். அவர் அப்போதும் எனக்கு 'ங்க' போட்டுத்தான் பேசினார்.

மரியாதையாகப் பேசுகிறவன் என்று எனக்குக் கடைவீதியில் பெயர். மரியாதையாம், மண்ணாங்கட்டி! 'இல்லைங்க' என்பதும் மரியாதையான வார்த்தைதானே? அது ஏன் அன்றைக்கு என் வாயில் வரவில்லை?