ஹாரனக்கா வைத்த பரீட்சை

வேலைக்குச் சேர்ந்த அன்றே அந்த அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எங்கள் வம்சத்தில் மண்வெட்டி பிடிக்காமல் சம்பளம் வாங்கப்போகும் முதல் ஆள் என்ற நிமிர்வோடு, லாரி நிறுவனத்தின் யார்டுக்குள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இறங்கினேன். அடுத்த நொடி பின்னாலிருந்து ஒரு குரல்.

"யாருய்யா அது, லாரி வர்ற வெள்ளைக் கோட்டுக்குள்ள ஸ்கூட்டரை நட்டு வெச்சது? உங்கப்பன் வீட்டுக் களமா?"

"நான் புதுசா வந்த பயிற்சி அலுவலருங்க. பட்டதாரி."

"பட்டதாரி ஸ்கூட்டர்னா டயர் ஏறினா நசுங்காதா? எடுங்க!"

சுற்றி நின்ற ஓட்டுநர்கள் சிரித்தார்கள். லாரி ஹாரனே தோற்றுப்போகும் குரல் என்பதால் அவரை முதுகுக்குப் பின்னால் ஹாரனக்கா என்று கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் நெஞ்சில்லை.

கனரக வண்டி ஓட்ட வருபவர்களுக்கு இரண்டு பரீட்சை. பிரேக் எப்படி வேலை செய்கிறது, பாரத்தை எந்த அச்சின்மேல் எப்படிப் பரப்புவது, எப்போது ஓய்வெடுக்க வேண்டும் என்பதெல்லாம் என் வகுப்பறையில். வண்டியைத் தொட்டுச் செய்து காட்டுவது யார்டில், ஹாரனக்கா முன்னால். அப்பாவின் தண்ணீர் லாரியில் கற்றுக்கொண்டு, காய்கறி வேன், சரக்கு லாரி என்று ஓட்டி இங்கே வந்தவர். அவரோடு மாற்று ஓட்டுநராகப் போக எந்த ஆணும் சம்மதிக்காததால் மேலாளர் அவரை யார்டில் தேர்வாளராக உட்கார வைத்துவிட்டார். அந்த ஆத்திரத்தை எங்கள்மேல் தீர்த்துக்கொள்கிறார் என்பது ஓட்டுநர்களின் கட்சி. பாதி நானும் நம்பினேன்.

அவருடைய கணவரும் அங்கேயே சின்ன லாரி ஓட்டினார். பாவம், டீக்கடைப் பக்கம் தலைகாட்ட விடமாட்டார்கள்.

"அண்ணே, வீட்ல ஹாரன் அடிச்சா ஒதுங்கி வழி விடுவீங்களா?"

"டிரெய்லர்ல ஏறுறேன்டா, அப்புறம் வாயத் திற பாப்போம்."

டிரெய்லர் ஓட்டினால்தான் தன்னை ஓர் ஆளாக மதிப்பார்கள் என்று அவர் நினைத்தார். பல வருடங்களுக்குப் பிறகு ஓர் இடம் காலியானது. ஒரே ஓர் இடம். என் வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் எழுதினார். எனக்கே பெருமையாக இருந்தது. மிச்சமிருந்தது மனைவியின் யார்டு.

"எட்டாம் நம்பர்!" என்று கூப்பிட்டார் ஹாரனக்கா. கணவர் முகம் சுருங்கியது.

எஞ்சின் உள்ள முன்வண்டியைப் பின்னுக்கு நகர்த்தி டிரெய்லரோடு பூட்ட வேண்டும். நூல் பிடித்த மாதிரி நேராகக் கொண்டுபோனார். டிரெய்லரின் அடியிலுள்ள இரும்பு முளை, முன்வண்டியின் பூட்டுத் தட்டுக்குள் 'டக்'கென்று விழுந்தது. காற்றுக் குழாய்களை மாட்டினார். யாரோ விசிலடித்தார்கள். அந்த உற்சாகத்தில் நேராகப் போய், டிரெய்லரைத் தாங்கி நின்ற முன்கால்களைச் சுழற்றித் தூக்கிவிட்டார்.

"போதும், தள்ளி நில்லுங்க. ஃபெயில்."

கால்களைத் தூக்குவதற்கு முன் ஒரு வேலை உண்டு. டிரெய்லர் பிரேக்கைப் பிடித்து வைத்துக்கொண்டே முன்வண்டியை மெல்ல முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். பூட்டு சரியாக விழுந்திருந்தால் வண்டி நகராது. விழாமலிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்; கால் கீழே ஊன்றியிருப்பதால் சேதமில்லை. முதல் வகுப்பிலேயே நான் சொல்லிக்கொடுப்பது அது.

"லாக் விழுந்த சத்தம் ஊருக்கே கேட்டுச்சு. போய்ப் பாரு, கழண்டிருக்கா?"

"கழலலைன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது? காலத் தூக்கினப்புறம்."

குனிந்து பார்த்தேன். பூட்டு கச்சிதமாக விழுந்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், தேர்வாளர் மனசு வெச்சா அன்னைக்கே இன்னொரு வாய்ப்பு தரலாம்னு விதியிலயே இருக்கு."

"இருக்கு. இதுவரைக்கும் எவனுக்காவது குடுத்திருக்கேனா?"

"இல்ல. அதுக்காக—"

"அப்ப என் புருஷனுக்கு மட்டும் குடுக்கச் சொல்றீங்க. படிச்ச புள்ள பேசற பேச்சா இது?"

கூட்டத்தில் ஒருவன், "அண்ணே, ஹாரன் அடிச்சாச்சு, ஒதுங்குங்க!" என்று கத்தினான். கணவர் வண்டிச் சாவியைப் பையிலிருந்து உருவி மனைவியின் காலடியில் வீசினார்.

"இந்தா, தின்னு! இனி நீ இருக்கற எடத்துல எனக்கு வேலையுமில்ல, உன்கிட்டப் பேச்சுமில்ல."

வாசலைத் தாண்டிப் போய்விட்டார். ஹாரனக்கா குனிந்து சாவியை எடுத்தார். மண்ணைத் துடைத்தார்.

"ஒன்பதாம் நம்பர், வாங்க."

ஒன்பதாம் நம்பர் பயத்தில் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். இடம் அவனுக்குப் போனது.

கணவர் செய்தது பிழைதான். என் வகுப்பில் செய்திருந்தால் நானும் மதிப்பெண் தந்திருக்கமாட்டேன். ஆனாலும் அத்தனை பேர் முன்னால் அந்த மனிதனை அப்படி நிறுத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை. ஹாரனக்காவிடமே அதைச் சொன்னேன். "உங்க வகுப்பறையோட நிறுத்திக்குங்க" என்றார்.

கணவர் இப்போது வேறொரு நிறுவனத்தில் டிரெய்லர் ஓட்டுகிறார். அங்கே யாரும் அவருக்குப் பரீட்சை வைக்கவில்லை. ஹாரனக்கா அதே யார்டில்தான் இருக்கிறார். இருவருக்கும் ஒரே வீடு. பேச்சு மட்டும் மகள் வழியாக நடக்கிறது.