எக்ஸ், ஜீ, எச் மூன்றும் வரும் வார்த்தை

ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாமல் இங்கிலீஷ் அகராதியில் பாதியைப் படித்து முடித்த ஆள் புதுச்சேரியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்போது ஊரில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி, எனக்கு எட்டு வயது. படித்ததெல்லாம் கன்னியர் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு. இங்கிலீஷ் என்பது எல்லைக்கு அந்தப் பக்கத்து மனிதர்கள் பேசுவது என்கிற அளவுக்குத்தான் தெரியும்.

அம்மாவுக்கு இருமல் என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே என்னை முத்தியால்பேட்டையில் மாமா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அப்பாவுக்குக் கடல் தாண்டி சைகோனில் உத்தியோகம். மாமாவுக்கும் மாமிக்கும் குழந்தை கிடையாது. எனக்கென்று தனித் தட்டு, தனித் தம்ளர். மகாராணி உபசாரம் என்று நினைத்துக்கொண்டேன். தெருப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் நான் போய் நின்றால், அவர்களுடைய அம்மாக்கள் வந்து ஆளுக்கொரு பிள்ளையாக இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எல்லாம் என் சட்டையைப் பார்த்துப் பொறாமை என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். காரணம் இருந்து என்ன? சாயங்காலமானால் அழுகை வந்துவிடும். பேச ஆளில்லாத சாயங்காலம் எவ்வளவு நீளம் என்று அந்த வயதிலேயே தெரிந்துகொண்டேன்.

அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போ என்று மாமாவின் பிராணனை வாங்கினேன். எனக்குப் பிடிவாதம் அதிகம். இன்றைக்கும் குறைந்தபாடில்லை. மாமா கொஞ்ச காலம் மதராஸ் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். மதராஸ் பத்திரிகைகளில் வரும் வார்த்தைப் போட்டி என்றால் அவருக்குச் சோறு வேண்டாம். ஒரு நாள் பரண்மேல் கிடந்த தடி அகராதியை இறக்கி, தூசி தட்டி, என் முன்னால் போட்டார்.

"எக்ஸ், ஜீ, எச், மூணும் இருக்கணும். பதினாறு பேறு மாதிரி பதினாறு எழுத்து, அதுக்குக் கொறையக் கூடாது. அப்படி ஒரு வார்த்தை கண்டுபிடி. அன்னிக்கே உன்ன அம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன்."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியம்."

அப்படி ஒரு வார்த்தை கிடையவே கிடையாது என்று நினைத்துத்தான் மாதாவைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறார், பாவி மனுஷர்.

அவர் 'ஜீ' என்றால் நான் இங்கிலீஷ்காரர்களின் 'ஜே'யைத் தேடுவேன். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் அந்த இரண்டு எழுத்துகளுக்கும் பெயர் மாறிக் கிடக்கும். இரண்டு நாள் வீணான பிறகு மூன்றையும் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். விரலை வைத்து வரி வரியாக இறங்குவேன். எனக்கு அது படிப்பு இல்லை, அரிசியில் கல் பொறுக்குகிற வேலை. 'எக்ஸ்சேஞ்ச்' அகப்பட்ட அன்று வாசல்வரை குதித்துக்கொண்டு ஓடினேன். எண்ணிப் பார்த்தால் எட்டே எழுத்து. அன்று சாப்பிடவில்லை.

நாற்பது, ஐம்பது நாள் போயிருக்கும். 'ஐ' எழுத்துக்கு வந்துவிட்டேன். ஒரு நாள் காலை மாமா வேலைக்குப் போகவில்லை. என் நாற்காலியைத் தெருப்பக்கத்து ஜன்னலோரம் தானே தூக்கிப் போட்டார். வெளிச்சம் நன்றாக இருக்குமாம்.

"இன்னிக்குப் புதுச் சட்டம். எடுத்த பக்கம் முடியறவரைக்கும் தல நிமிரக் கூடாது. நிமிந்தா மறுபடியும் 'ஏ'லருந்து ஆரம்பிக்கணும்."

"போ மாமா, இது அநியாயம்!"

"அம்மாகிட்ட போகணுமா, வேணாமா?"

குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் தெருவில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. மாமா செருப்புக்கூடப் போடாமல் இறங்கிப் போனார். வண்டிக்குள்ளிருந்து இருமல் கேட்டது. அம்மா இருமுவது போலவே இருந்தது. கழுத்து தானாகவே நிமிரப் பார்த்தது. 'ஏ'லிருந்தா? ஐயோ, மாதாவே! விரலை அழுத்திக்கொண்டு அடுத்த வரிக்கு இறங்கினேன்.

அங்கே இருந்தது அது. எக்ஸ் இருந்தது, ஜீ இருந்தது, எச் இருந்தது. எண்ணினேன். பதினாறு. மறுபடி எண்ணினேன். அதே பதினாறு. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பக்கத்தில் இன்னும் பாதி பாக்கி. ஜெயித்த பிறகு சட்டம் பேசி ஏமாற்றிவிடுவார் என்கிற பயத்தில் மிச்ச வரிகளையும் ஒன்று விடாமல் படித்து முடித்தேன்.

வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. கடைசி வரி முடிந்ததும் அகராதியைக் கட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். வண்டி போய்விட்டிருந்தது. மாமா மட்டும் நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தார்.

"இனெக்ஸ்தேங்கிஷாப்ல்!" என்று பிரெஞ்சுக்காரி மாதிரி கத்தினேன். அது இங்கிலீஷில் 'இன்எக்ஸ்டிங்குவிஷபிள்' என்பதும், அணைக்க முடியாதது என்று அர்த்தம் என்பதும் பிற்பாடு தெரிந்தது. "பதினாறு மாமா! நிமிரவே இல்ல!"

மாமா என்னைத் தூக்கிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். ஒரு வார்த்தைக்குத் தோற்றுப்போய் இப்படி அழுகிறாரே என்று எனக்கு ஒரே வெட்கம். பெரிய மனசோடு கண்ணைத் துடைத்துவிட்டேன்.

அவர் சத்தியத்தைக் காப்பாற்றவில்லை. அம்மா எல்லைக்கு அந்தப் பக்கம் மலைக்காற்றுள்ள ஏதோ ஆஸ்பத்திரிக்குப் போனவள், திரும்பவே இல்லை. மாமாவோடு நான் வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் காலமான பிறகுதான் மாமி வாயைத் திறந்தாள்.

"அன்னிக்கு ரயிலடிக்குப் போற வண்டியச் சுத்திக்கிட்டு இங்க கொண்டாரச் சொன்னதே உங்கம்மாதான். அவளப் பாத்தா நீ ஓடிப்போய்க் கட்டிக்குவ, அந்த நோவு உனக்கும் ஒட்டிக்கும்னுதான் உங்க மாமா அப்படி ஒரு சட்டம் போட்டாரு. வண்டித் திரைய நீக்கிக்கிட்டு அவ பாக்கறா, உன் உச்சந்தலைதான் தெரியுது. 'இரு அண்ணே, ஒரே ஒரு தடவ நிமிரட்டும், மூஞ்சப் பாத்துட்டுப் போயிடறேன்'னா. வண்டிக்காரன் ரயிலுக்கு நேரமாச்சுன்னு கத்துறான். நீ இன்னாடான்னா, நிமிரவே இல்ல."

ஆமாம், நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் அம்மாவிடம் போக முடியாதே.