கீழ்த் தந்தியில் ஒரு மேளம்

மகள் கைவிட்ட கிட்டாரை ஐம்பத்திரண்டு வயதில் நான் கையில் எடுத்தேன். சனிக்கிழமை காலைகளில், நாங்கள் குடியேறிய ஃபாரஸ்ட் கேட்டில் பெரியவர்களுக்கான வகுப்பு. ஆசிரியர் ஆங்கிலேயர். கியூபாக்காரர் ஒருவர் இளவயதில் எழுதிய சிறு இசைத்துண்டை அவர் எனக்கு வாசிக்கத் தந்தார்.

“தன் நாட்டுக்கென்று ஓர் இசையை அவர் தேடிய காலம் இது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் மேளம் இதற்குள் இருக்கிறது,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “உங்களுக்குச் சுலபம். தாளம் உங்கள் இரத்தத்தில் இருக்குமே,” என்றார்.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. பள்ளிக்கூடத்தில் தாளம் தப்பியதற்காகச் சங்கீத வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவள் நான். என் இரத்தத்தைப் பற்றி இவ்வளவு பிழையாகச் சொல்பவர், மேளத்தைப் பற்றி மட்டும் சரியாகவா சொல்வார்? வீட்டில் எத்தனை தரம் வாசித்தும் எனக்கு மேளம் கேட்கவில்லை.

“அந்தாள் கதை விடுறார் எண்டு நினைக்கிறன்,” என்றேன் கணவரிடம்.

“அப்ப தெரிஞ்ச ஆரிட்டையும் கேளுமன்.”

நான் வேலை செய்யும் மருந்தகத்தில் கியூபாவின் ஹவானாவில் பிறந்த கறுப்பினப் பெண் ஒருத்தி இருந்தாள். அந்த மேளத்தைப் பற்றிக் கேட்டதும் அவள் முகம் இறுகியது.

“உன்னை யார் கேட்கச் சொன்னது?”

“ஒருவருமில்லை.”

“எங்கள் வீட்டில் மேளங்கள் இருந்தன. வழிபாட்டுக்கானவை. ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு வெளியாட்கள் வருவார்கள், பதிவு செய்வார்கள், போய்விடுவார்கள்.”

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “கிட்டாரைக் கொண்டு வா,” என்றாள்.

மதிய இடைவேளையில், உடை மாற்றும் அறையில் வாசித்தேன். ஒரு வரி முடியுமுன்பே நிறுத்தினாள். “எல்லாத் தட்டையும் சமமாக வைக்கிறாய்.” அலமாரிக் கதவில் விரல் முட்டியால் தட்டிக் காட்டினாள். மூன்று தட்டு, சிறு இடைவெளி, இரண்டு தட்டு. “உன் கட்டைவிரல் இதோடு போகட்டும்.”

போனது. நான் எதிர்பார்த்த இடத்துக்குச் சற்று முன்பே, தாழ்ந்த ஒலி தரும் கீழ்த் தந்தி அதிர்ந்தது. அதுவரை காகிதத்தில் கிடந்த துண்டு நடக்கத் தொடங்கியது.

“அப்போ இது உங்களுடையதுதானா?”

“எங்கள் தெருவில் கேட்டதுதான். இதை எழுதிய மனிதர் அனுமதி கேட்டு எடுத்தாரா, கேளாமல் எடுத்தாரா, அது எனக்குத் தெரியாது.”

அடுத்த சனிக்கிழமை வாசித்தபோது ஆசிரியர் எழுந்தே விட்டார். “யார் சொல்லித் தந்தது? அவரை இங்கே அழைத்து வரமுடியுமா? பதிவு செய்து வைக்கலாம்.” கைபேசி அதற்குள் அவர் கையில் இருந்தது.

“என்னோடு வேலை செய்தவர். இப்போது வேலையை விட்டுப் போய்விட்டார்,” என்றேன். பொய். ஆசிரியர் நல்ல மனதோடு கேட்டிருக்கலாம். மேளம் பற்றி அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தக் கைபேசியை எனக்குப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை அவளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் தன் சாப்பாட்டுப் பெட்டியோடு என் மேசைக்கு வந்து அமர்ந்தாள்.

“இரண்டாம் பக்கம் எங்கே?” என்றாள்.

“இன்னும் பழகவில்லை.”

“பழகிக்கொண்டு வா. பிழை விட்டால் சொல்கிறேன்.”