கொய்யா மரத்தடித் தேன்பெட்டி

என் தம்பி டெங்குக் காய்ச்சலில் இறந்தபோது அவனுக்கு நாலு வயது, எனக்கு ஒன்பது. ஆஸ்டின் டவுனில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தோட்டம் இருந்தது. கொசு அங்கிருந்துதான் வந்தது என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். பூந்தொட்டிகளையெல்லாம் கவிழ்த்துப் போட்டுப் பின்கதவைப் பூட்டினாள். அதன்பின் மாதக்கணக்கில் அதைத் திறக்கவில்லை.

அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவருடைய ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த ஒருவர் கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோவார். தேனீ வளர்ப்பதில் அவருக்குப் பைத்தியம். மரம் செடி உள்ள வீடாகப் பார்த்து, கேட்டு, ஆளுக்கொரு பெட்டி வைத்துவிடுவார். அப்பா அவரை அழைத்து வந்தார். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லாமே அப்படித்தான் முடிவாயிற்று.

பக்கச் சந்து வழியாகப் போய், தோட்டத்துக் கொய்யா மரத்தடியில் பெட்டியை வைத்து, அதன் நாலு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினார் தேன்கார மாமா. அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"தண்ணி தேங்கக் கூடாதுண்ணா."

"தண்ணி இல்லன்னா எறும்பு ஏறிடும்மா" என்று ஆரம்பித்தவர், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுநாள் ஒர்க்ஷாப்பிலிருந்து பழைய எஞ்சின் ஆயில் கொண்டுவந்து ஊற்றினார்.

மெதுவாகப் பின்கதவு திறக்க ஆரம்பித்தது. அம்மா காபி தம்ளரோடு வாசற்படியில் உட்கார்ந்து பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "இங்க பாரு, கால்ல மஞ்சமஞ்சளா ஒட்டிக்கினு வருது" என்றாள். அவளாக என்னைக் கூப்பிட்டு எதையாவது காட்டி வெகுநாள் ஆகியிருந்தது.

மழை தொடங்கியதும் எனக்குக் காய்ச்சல் வந்தது. அன்று சாயங்காலமே தெருவில் கொசுப்புகை மெஷின் சத்தம் கேட்டது. புகை அடிக்க வந்தால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பெட்டியை ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள் என்று மாமா சொல்லி வைத்திருந்தார். அம்மா நேராக கேட்டுக்குப் போனாள்.

"ஒளகே பன்னி. ஹிந்தேனூ ஹொடீரி" என்று கன்னடத்தில் அந்த ஆளை உள்ளே கூப்பிட்டு, பின்பக்கமும் அடிக்கச் சொன்னாள்.

நான் போர்வையை உதறிவிட்டு ஓடினேன். "சாக்கு! சாக்கு போடும்மா!"

அவள் என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். வெளியே மெஷின் உறுமியது. கதவிடுக்கில் டீசல் நெடி வந்தது. நான் திமிறினேன். அவள் பிடியை விடவில்லை.

"ஈயெல்லாம் செத்துடும்மா!"

"சாவட்டும்."

காலையில் கொய்யா மரத்தடி கறுப்பாக இருந்தது. சில இன்னும் சாகாமல் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. அம்மா எல்லாவற்றையும் கூட்டி அள்ளினாள். எனக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல்தான். இறங்கிவிட்டது. ஆனால் நான் அம்மாவோடு பேசவில்லை. தேனீயை அவளுக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து மூடியைத் திறந்தார். ஒவ்வொரு சட்டமாகத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். அம்மா பக்கத்திலேயே நின்றாள்.

"நான்தாண்ணா அடிக்கச் சொன்னேன்."

மாமா மூடியைத் திரும்பப் போட்டார். பிறகு மிகவும் தணிந்த குரலில், "வுடும்மா. போனது போச்சு. வேற ஈ கொண்டாந்து வெச்சுக்கலாம்" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து தம்பியைத் தூக்கி வந்த நாளில்கூடச் சத்தம் போட்டு அழாத அம்மா, அந்த ஈரமண்ணிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மாமா பதறிப்போய் அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு ஈ வரப்போகிறதே, இதற்கு ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை. மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, எப்போது கொண்டுவருவீர்கள் என்று கேட்டேன்.