மூன்று பொறி வைத்த வில்லை

பிஸ்கட் அளவில் வட்டமான இரும்பு வில்லை ஒன்று என் பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடக்கிறது. அதன் முகத்தில் மூன்று கரும்புள்ளிகள். கோவைக்குப் பக்கத்தில், பம்பு பாகங்கள் வார்க்கிற பவுண்டரியில் நானும் லேப் மேடமும் வேலை செய்தபோது விழுந்தவை.

உலையில் இரும்பு உருகியதும் ஒரு கரண்டி மொண்டு, இப்படி வில்லையாக ஊற்றி மேடத்திடம் கொண்டுபோவார்கள். அவர் மெஷினில் வைத்துப் பொத்தானை அழுத்துவார். டர்ரென்று பொறி பறக்கும். எந்தெந்த உலோகம் கலந்திருக்கிறதென்று திரையில் வந்துவிடும். எட்டாவதோடு நின்ற எனக்கு அவர் சொன்னது இன்னும் மனப்பாடம். "உள்ள எலக்ட்ரான்னு பொடுசா இருக்குதுங்க அக்கா. பொறி பட்டா மேல்படிக்கு எகிறும். அங்க நிக்க முடியாம கீழ விழுகும். விழுகறப்ப வெளிச்சம் விடும். ஒவ்வொரு உலோகத்துக்கும் வெளிச்சம் வேற வேறங்க. ரெண்டு படிக்கு நடுவுல மட்டும் அதால நிக்கவே முடியாது."

"ஊட்டப் பூட்டுனனா இல்லியான்னு பாதி வழியில நிக்கறது நாந்தானுங்க மேடம்" என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பழைய இரும்பைப் பிரிப்பது என் வேலை. காந்தத்தில் ஒட்டினால் உலைக்கு. ஒட்டாவிட்டால் எவர்சில்வர், தனியே போட வேண்டும். அன்றைக்குப் பழைய போர்வெல் மோட்டாரின் ஷாஃப்ட்டுத் தண்டுகள் ஒரு மூட்டை வந்தன. துளி துருவில்லை. அந்தப் பளபளப்பு மனதை உறுத்த, மூன்று முறை காந்தம் வைத்தேன். மூன்று முறையும் ஒட்டியது. போட்டுவிட்டேன்.

மேடத்தின் திரையில், எவர்சில்வரில் இருக்கிற குரோமியம் வந்தது. அது கூடினால் வார்ப்பு கல்லாக இறுகி, லேத்தில் கடைய வராது. மூன்று தரம் பொறி வைத்தும் அதேதான். சூப்பர்வைசர் என்னிடம் வந்தார்.

"ஏனம்மிணி, எவர்சில்வர் எதையாச்சும் போட்டுப்போட்டியா?"

"இல்லீங்க. அத்தனையும் காந்தத்துல ஒட்டுனதுதானுங்க."

ஒட்டியது நிஜம். பளபளப்பைச் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடுமென்று பயம்.

"அப்ப உங்க மெஷினுக்குத்தான் கண்ணு அவிஞ்சுபோச்சுங்க மேடம்" என்றபடி அவர் உலையைச் சாய்த்து அச்சுகளில் ஊற்றச் சொன்னார்.

"அக்கா, நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க" என்றார் மேடம். நான் காந்தத்தை எடுத்துக்கொண்டு அடுத்த மூட்டையைப் பிரிக்கப் போனேன்.

வார்ப்புகள் மொத்தமாகத் திரும்பி வந்தன. லேப்பில் அழுத்திச் சொல்லவில்லை என்று சூப்பர்வைசர் முதலாளியிடம் முந்திக்கொண்டார். மேடத்தை அனுப்பிவிட்டார்கள். போகும்போது இந்த வில்லையை என் கையில் வைத்து, "இத நீங்களே வெச்சுக்கங்க அக்கா" என்றார். குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் தேவலை.

இப்போது வேறு பவுண்டரி. இங்கே துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை நீட்டினாலே, கண்ணுக்குத் தெரியாத ஒளி பாய்ந்து உலோகத்தைச் சொல்லிவிடுகிறது. காந்தத்தில் ஒட்டுகிற எவர்சில்வரும் உண்டென்று அதில்தான் தெரிந்துகொண்டேன். ஒரு துண்டு விடாமல் நீட்டிப் பார்க்கிறேன். "டீ டம்ளரையும் சுட்டுப் பாத்துட்டுத்தான் குடிப்பீங்களாட்ட இருக்குது" என்று கூட இருக்கிறவர்கள் கேலி செய்கிறார்கள்.

போன வாரம் வில்லையை எடுத்துப்போய் யாரும் இல்லாத நேரத்தில் நீட்டினேன். குரோமியம். மேடத்தின் நம்பர் என் போனில் இருக்கிறது. எடுத்து அழுத்தினேன், மணி போவதற்குள் கட் செய்துவிட்டேன். நேற்றும் அப்படித்தான். வில்லையைத் துடைத்துத் துணிகளுக்கு அடியில் வைத்தேன். பீரோவைப் பூட்டினேனா என்று மூன்று முறை இழுத்துப் பார்த்தேன்.