செருப்பறியாத கால்

எங்கே நின்றாலும் ஆவுடைத்தாய் கால்விரல்களை விசிறி மாதிரி விரித்துத்தான் நிற்பாள். கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றாலும் சரி, சாரத்தின் மேல் சாந்துச் சட்டியோடு நின்றாலும் சரி. கூட வேலை செய்யும் எலிசாள் இதை வருஷக்கணக்காகப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

"ஏட்டி, அது காலா, துடுப்பா?"

"துடுப்புன்னே வச்சுக்கோ. நீ வழுக்கி விழும்போது பிடிக்கதுக்கு இந்தக் காலுதான வருது?"

இருவரும் வள்ளியூர்ப் பக்கம் ஒரே ஊர். திருவனந்தபுரத்தில் கட்டட வேலை, அடுத்தடுத்த வீட்டில் குடித்தனம். எலிசாளுக்குச் செருப்பென்றால் பெருமை. சாந்து பட்டால் உடனே கழுவுவாள். ஆவுடைத்தாய்க்கு அது ஆகாது. போட்டால் தரை தெரியமாட்டேங்குது என்பாள்.

ஒரு கல்லூரியில் புதுக் கட்டடம் எழும்பியபோது, அங்கே ஆராய்ச்சி செய்யும் ஸ்வப்னா டீச்சர் இவர்களைத் தேடி வந்தார். ஆப்பிரிக்காவில் பல லட்சம் வருஷங்களுக்கு முன் ஈரச் சாம்பலில் நடந்தவர்களின் கால்தடம் கல்லாகிக் கிடக்கிறதாம். அவர்கள் நம்மைப் போலத்தான் நடந்தார்களா என்று பார்க்க, இன்றைக்கு வெறுங்காலில் நடப்பவர்களின் தடம் வேண்டுமாம்.

எலிசாள் காலைக் கல்லில் தேய்த்துக் கழுவிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றாள். டீச்சர் குனிந்து பார்த்தார்.

"சேச்சி, சங்கடம் தோணக்கூடாது. விரலெல்லாம் செருப்புக்குள்ள ஒதுங்கிப் போச்சு. செருப்பே போடாத காலுதான் வேணும்."

அடுத்து அவர் கண் ஆவுடைத்தாயின் காலில் விழுந்தது. "அய்யோ, இதாணு கால்!" என்று மாணவர்களைக் கூப்பிட்டார். ஆவுடைத்தாய்க்கு நாற்காலி போட்டார்கள். எலிசாள் காலமெல்லாம் கேலி செய்த அந்தக் காலைச் சுற்றி நாலைந்து பேர் குந்தியிருந்து அளந்தார்கள், படமெடுத்தார்கள். எலிசாள் பொறாமையோடு தன் செருப்பை மாட்டிக்கொண்டு ஒதுங்கினாள்.

திங்கட்கிழமை களிமண்ணில் நடக்கவேண்டும் என்றார் டீச்சர். சனிக்கிழமை சாயங்காலம் எலிசாள் கடைக்குப் போய், ஆவுடைத்தாயின் காலுக்குச் சற்றே இறுக்கமாகப் பார்த்து ஒரு செருப்பு வாங்கி வந்தாள்.

"படிச்சவங்க முன்னால வெறுங்காலோடயா போவ? இதைப் போட்டுப் பழகு."

ஆவுடைத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. ஞாயிறு முழுக்க அதைப் போட்டுக்கொண்டே கோயிலுக்கும் கடைக்கும் நடந்தாள்.

மறுநாள் களிமண்ணில் நொண்டி நொண்டிக் கால் வைத்தாள். ஒரு தடம்கூட நேராக விழவில்லை. டீச்சர் காலைத் திருப்பிப் பார்த்தார். குதிகாலிலும் சுண்டுவிரலிலும் கொப்புளம்.

"ஆரு இந்தச் செருப்பு வாங்கித் தந்தது?"

"நம்ம எலிசாதான் டீச்சர். அவளுக்கு எம்மேல அம்புட்டு உசுரு!"

எலிசாள் அவள் காலைக் கழுவத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

"சாரமில்ல, பரவாயில்ல. புண்ணு ஆறட்டும், பின்னே நடக்கலாம்," என்றார் டீச்சர்.

அவ்வளவுதான், காத்திருக்க வேண்டியதாயிற்று. புண் ஆறும்வரை களிம்பு போட்டுவிட்டதும் எலிசாள்தான். போடும்போதெல்லாம் அந்த விரிந்த விரல்களைப் பார்க்கவேண்டியிருந்தது.

இப்போது டீச்சர் அறைச் சுவரில் கல்லாகிப்போன தடத்தின் படத்துக்குப் பக்கத்தில் ஆவுடைத்தாயின் தடம் மாட்டியிருக்கிறது. அந்தச் செருப்பை அவள் போடுவதில்லை. நல்ல சேலைகளோடு பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறாள். இருவரும் ஒன்றாகத்தான் வேலைக்குப் போகிறார்கள். எலிசாள் அவள் காலைக் கேலி செய்வதில்லை. பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை.