அவள் வாசலைத் தாண்டித்தான் வழி

என் கணவர் செய்யாத குற்றத்துக்காகச் சிறைக்குப் போகவில்லை. செய்துவிட்டுத்தான் போனார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆயுள் தண்டனைக் கைதியின் மனைவி என்றதும், எதிரில் இருப்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பொய்க் கேஸாம்மா?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு அப்படி இருந்தால்தான் என்னோடு உட்கார்ந்து டீ குடிக்கத் தோது. இல்லை, மெய்க் கேஸ்தான் என்பேன். பாதிப் பேர் டீயை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். எழுந்து போகட்டும்.

கந்தர்வக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். முந்திரிக்காடுதான் பிழைப்பு. எங்கள் காட்டுக்கும் பங்காளி காட்டுக்கும் நடுவே எல்லையிலேயே ஒரு மரம் நின்றது. அதற்கு அடியில் உதிர்ந்து கிடக்கும் கொட்டையை யார் பொறுக்குவது என்று ஒரு காலையில் பேச்சு ஆரம்பித்தது. பேச்சு தடித்தது. என் கணவர் கையில் மண்வெட்டி இருந்தது. அடி பட்டவர் அவருடைய பெரியப்பா மகன், அண்ணன் முறை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. ஒரு கூடை கொட்டைக்கு ஒரு மனிதன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் ஆத்திரம்தான் வருகிறது.

எங்கள் வழக்கத்தில் பங்காளி செத்தால் பங்காளி வீடுகள் அத்தனைக்கும் தீட்டு. கருமாதி அன்றைக்கு எல்லாப் பங்காளிகளும் சேர்ந்து கண்மாயில் முழுக்குப் போட்டால்தான் அது கழியும். அதுவரைக்கும் வாசலில் கோலம் கிடையாது, கோயில் கிடையாது. எங்கள் வீட்டுக் கையாலேயே செத்த ஆளுக்கு எங்கள் வீட்டிலும் தீட்டு. கருமாதிக்கு எங்களை யாரும் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவார்கள்? நாங்கள்தான் எந்த முகத்தோடு போவது? அப்படியானால் எங்கள் வீட்டுத் தீட்டு கழியவில்லை என்றுதான் நான் கணக்கு வைத்துக்கொண்டேன். காலையில் வாசல் தெளிப்பேன், கோலம் போட மாட்டேன். பொங்கலுக்குப் பானை ஏற்ற மாட்டேன். கணவருக்காக ஏதோ நேர்த்திக்கடன் என்று ஊரில் நினைத்துக்கொண்டார்கள். நானும் விளக்கம் சொல்லப் போகவில்லை.

பிள்ளை குட்டி இல்லாதவள், அம்மா வீட்டோடு போய் இரு என்று சொன்னவர்கள் உண்டு. நான் போகவில்லை. தஞ்சாவூர் ரோட்டோரம் ஒரு கொட்டகை போட்டு, முந்திரிக்கொட்டையை வறுத்து உடைத்து விற்றேன். வறுக்கும்போது கிளம்புகிற எண்ணெய்ப் புகை கண்ணைக் கரிக்கும். கொட்டை ஓட்டிலிருந்து கசிகிற பால் பட்டுக் கை எப்போதும் கறுத்துத்தான் கிடக்கும். திருச்சி சிறைக்கு மனு பார்க்கப் போகும்போது அவர் கண் அந்தக் கையிலேயே நிற்கும். மனு பார்ப்பது என்றால் கைதியை நேரில் பார்த்துவிட்டு வருவது. நேரில் என்றால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், பேசுவதற்கு ஒரு போன்.

நல்லபடியாக நடந்துகொண்டு நெடுங்காலம் தண்டனை அனுபவித்த ஆயுள் கைதிகளை முன்கூட்டியே விடுவிப்பது பற்றி அரசாங்கம் அறிவிப்பு வெளியிட்டபோது, அவர் பெயரும் பரிசீலனைக்கு வந்தது. அவர் உள்ளே தறி ஓட்டினார், ஒரு சண்டை சச்சரவு கிடையாது. பரோலில் வந்தால் அம்மா ஊரில் என் அண்ணன் வீட்டில் தங்கி, சொன்ன தேதிக்குத் திரும்பிப் போய்விடுவார். அதனால் கிடைத்துவிடும் என்று நம்பினேன். சிறைக்குள் நடந்ததை மட்டும் பார்த்தால் போதாதாம். அவர் வெளியே வந்தால் ஊர் தாங்குமா என்று நன்னடத்தை அலுவலர் நேரில் வந்து விசாரித்து எழுத வேண்டும்.

அந்த அலுவலர் அம்மா ஒரு ஸ்கூட்டியில் வந்தார். சின்ன மாமனார்தான், அதாவது என் மாமனாரின் தம்பி, முன்னால் நின்று பேசினார். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, கல்யாண வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார். டீக்கடையில் இருந்த ஆட்களும் கூடிவிட்டார்கள். அவன் எப்படிப்பட்ட ஆள் என்று அந்த அம்மா கேட்டதும் இவர்களுக்குக் குஷி வந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒருத்தனை உயர்த்திச் சொல்ல வேண்டுமென்றால் அவன் வீரத்தைத்தான் சொல்வார்கள், வேறு அளவுகோல் இவர்களுக்குத் தெரியாது. சின்ன மாமனார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"எங்க பய வந்தா இந்தத் தெருவுல எவனும் வாலாட்ட முடியாதும்மா. ஊரே அடங்கிக் கெடக்கும்."

செத்தவர் மனைவி எங்கே என்று அந்த அம்மா கேட்டபோது, அவள் பிறந்த ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த நேரத்தில் அவள் தன் காட்டில் குனிந்து கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான்.

விடுதலை கிடைக்கவில்லை. புதுக்கோட்டைக்குப் போய் அந்த அம்மாவைப் பார்த்துக் காரணம் கேட்டேன். நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, ஒளிக்காமல் சொன்னார். ஊரே அவரைப் பார்த்துப் பயப்படுகிறது என்று உங்கள் ஆட்களே சொன்னார்கள், பாதிக்கப்பட்ட குடும்பத்தைப் பார்க்கவும் முடியவில்லை, நான் என்ன எழுத முடியும் என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது. புகழ்ந்தே ஒரு மனிதனை உள்ளே தள்ளிவிட்டு வந்திருக்கிறார்கள்.

அடுத்த முறை மனு பார்க்கப் போனபோது அவர் போனை எடுத்ததும் சொன்னார், "விட்டுரு. இனிமே எம் பேர எங்கயும் கொண்டுக்கிட்டுப் போகாத. நா இங்கயே கெடந்துட்டுப் போறேன்." எனக்கு வந்த கோபத்தில் போனைத் தொங்கவிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸில் கீரனூர் தாண்டுகிற வரைக்கும் அழுதேன். அதற்கப்புறம் அழவில்லை, யோசித்தேன். தண்டனை அவருக்கு மட்டுமா? அவர் விட்டுவிடச் சொன்னால் நானும் விட்டுவிட வேண்டுமா? வீடு வந்து சேர்வதற்குள் ஒன்றை முடிவு செய்துவிட்டேன். அடுத்த முறை என் சார்பில் ஊர் பேசக் கூடாது. பேச வேண்டியவள் ஒருத்திதான். அவளை மறைத்துவிட்டு வருகிற விடுதலை எனக்கு வேண்டாம்.

மறுபடி பரிசீலனை வந்தது. அதே அம்மா, திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார். நான் முதலில் சின்ன மாமனாரிடம் போனேன். மாமா, இந்தத் தடவை நீங்கள் வாயே திறக்கக் கூடாது என்றேன். மருமகள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு யோசனை சொன்னார். அவனைத் திருப்பூருக்கு அனுப்பிவிடுவோம், ஊர்ப்பக்கமே வரமாட்டான் என்று ஆபீசரிடம் சொல்லிவிடுவோம், செத்தவன் பொண்டாட்டியும் சரி என்றுவிடும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கும் அதில் ஒரு சபலம் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

அன்று மத்தியானம் அவளுடைய காட்டுக்குப் போனேன். அவள் எனக்கு ஓரகத்தி முறை, அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமான புதிதில் அவள் வீட்டில்தான் பாதி நாள் சாப்பாடு. அந்தச் சண்டைக்குப் பிறகு ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைத்ததில்லை. அடிபம்பில் நான் நின்றால் அவள் குடத்தோடு தூரத்தில் நிற்பாள், அவள் நின்றால் நான் நிற்பேன். பேச்சு கிடையாது. மரத்தடியில் சருகை விலக்கிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். ஓடிப்போய்க் காலில் விழுந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. விழுந்தால் அவள் வாயை நான் கட்டுகிற மாதிரி ஆகிவிடும். நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு சொன்னேன்.

"அக்கா, திங்கக்கிழம ஆபீசர் அம்மா வாராங்க. போன தடவ நீங்க ஊருல இல்லைன்னு சொல்லிட்டாங்க. இந்தத் தடவ நீங்க வீட்டுல இருங்க. ஒங்க மனசுல என்ன இருக்கோ அதச் சொல்லுங்க. வேணாம்னு சொன்னீங்கன்னா நா மறுபடி ஒங்க முன்னாடி வந்து நிக்க மாட்டேன்."

அவள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. வெளியே வந்தால் உன் புருஷன் எங்கே இருப்பான் என்று கேட்டாள். திருப்பூருக்கு அனுப்பிவிடலாம் என்று மாமா சொல்கிறார் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது.

"அப்ப வேணாம்னுதான் சொல்லுவேன். அங்கிட்டுப் போயி ஒளிஞ்சுக்கிறதுக்கு நா எதுக்குச் சரிங்கணும்? வந்தான்னா இந்த ஊருலதான் இருக்கணும். எவ் வாசலத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகணும், வரணும். தெனமும் நா அவனப் பாக்கணும். அவனும் என்னயப் பாக்கணும். அதுக்கு ஒத்துக்கிட்டா வரட்டும்."

சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். இவ்வளவு நியாயமாக ஒரு கோர்ட்டும் பேசவில்லை என்று எனக்குப் பட்டது.

மறுநாளே திருச்சிக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். தண்டனை என்றால் சிறை, சிறை முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்திருப்பார் போல. அந்தத் தெருவில் என்னால் நடக்க முடியாது, வேறு எங்கே வேண்டுமானாலும் போகலாம், கோயம்புத்தூரில் கூட வேலை இருக்கிறது என்று கெஞ்சினார். கெஞ்சும்போது பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்க்கிற நேரம் இல்லை அது.

"நடக்க முடியாதுன்னா சொல்லிருங்க. நானே ஆபீசர்கிட்ட வேணாம்னு சொல்லிட்டு வாரேன். முடியும்னா தலைய நிமித்தி என்னயப் பாத்துச் சொல்லுங்க."

பின்னால் நின்ற காவலர் நேரமாகிவிட்டது என்று கை காட்டினார். அப்போதுதான் இவர் தலையை நிமிர்த்தினார். சரி என்று வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அது எனக்குப் போதும்.

திங்கட்கிழமை அந்த அம்மா வந்தபோது சின்ன மாமனார் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. சொன்னபடி மனிதர் வாயைத் திறக்கவில்லை. அதற்காகக் கதவையே சாத்திக்கொண்டது கொஞ்சம் அதிகம்தான். ஸ்கூட்டி நேராக அக்கா வீட்டு வாசலில் நின்றது. வெகுநேரம் அங்கேயே நின்றது. நான் கொட்டகையில் வறுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வட்டகைச் சட்டிக் கொட்டை கருகிப்போனது கூடத் தெரியவில்லை. பிறகு அந்த அம்மா என்னிடம் வந்தார். உங்கள் கணவர் வெளியே வந்தால் எங்கே இருப்பார் என்று கேட்டார். இந்த ஊரில்தான், என் வீட்டில்தான், இந்தத் தெருவில்தான் நடப்பார் என்றேன். உங்கள் குடும்பத்தாருக்கு அதில் பயம் இல்லையா என்றார். பயம் இருக்கிறது, இருந்தாலும் இங்கேதான் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

உத்தரவு வரச் சில மாதங்கள் ஆயின. வந்தது. சிறை வாசலில் ஒரு துணிப்பையோடு அவர் வெளியே வந்தபோது, நான் நினைத்து வைத்திருந்த எதுவும் நடக்கவில்லை. அழவில்லை, கட்டிக்கொள்ளவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். எதிர்க்கடையில் இட்லி சாப்பிட்டோம். புதுக்கோட்டை வந்து டவுன் பஸ் ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஊராகப் பார்த்துக்கொண்டே வந்தவர், எங்கள் ஊர் நெருங்க நெருங்க வெளியே பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் எங்கள் வீட்டுக்கு இரண்டு வழி. கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்தால் ஒருத்தர் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள் போய்விடலாம். நேர்வழி தெரு வழி, அக்கா வீட்டைத் தாண்டித்தான். அவர் கால் தானாகக் கரைப்பக்கம் திரும்பியது.

"இங்கிட்டு வாங்க" என்றேன்.

வந்தார். தெருவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் வேகமாகவும் நடக்கவில்லை, மெதுவாகவும் நடக்கவில்லை. அக்கா வாசல்படியில் உட்கார்ந்து சுளகில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கை நின்றது. அவர் அவள் வாசலுக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் துணிப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவர் கண்ணை எடுக்காமல் நின்றார், அதற்கு அவருக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்று பக்கத்தில் நின்ற எனக்குத்தான் தெரியும். பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு ஒன் வாசல்ல கோலம் போடு" என்றாள்.

நான் எதற்காகக் கோலம் போடாமல் இருந்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருடமும் வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டே அவள் போய் வந்திருக்கிறாள். சரிக்கா என்றேன். நாலு எட்டு நடந்ததும், வீட்டில் கோலமாவு ஒரு சிட்டிகை கூடக் கிடையாது என்பது நினைவுக்கு வந்தது. கடை பஸ் நிற்கிற இடத்தில் இருக்கிறது. அதற்கு அந்த வாசலை இன்னும் இரண்டு தடவை தாண்ட வேண்டும். அவரையும் கூட்டிக்கொண்டே திரும்பி நடந்தேன்.